கழுத்து கருப்பு அழுக்கு இல்லீங்க... குண்டு பிள்ளைகளின் உடம்புக்குள் நடக்கும் 'இன்சுலின்' கலாட்டா!

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பின்கழுத்தில் கருப்பு படிந்திருக்கும். "ஒழுங்கா தேச்சு குளிக்கிறதே இல்ல" என்று அம்மா சத்தம் போடுவார். பீர்க்கங்காய் நாரை எடுத்து அழுத்தி தேய்ப்பார். போகாது. அப்புறம் எலுமிச்சம்பழ தோல், தயிர், கடலை மாவு, சமையல் சோடா என்று அடுப்பங்கரையில் இருப்பதெல்லாம் கழுத்தில் ஏறும். தோல் சிவந்து எரியுமே தவிர கருப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விஷயம் என்னவென்றால், அது அழுக்கே கிடையாது. ரத்தத்தில் இன்சுலின் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோல் கொடுக்கும் தகவல் அது. டாக்டர்கள் இதற்கு 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை மறந்து விடலாம். அடையாளத்தை மறக்கக் கூடாது. வெல்வெட் துணி மாதிரி தடித்து, லேசாக சொரசொரப்பாக, கோடு கோடாக கருத்திருக்கும். கழுத்து மட்டும் இல்லை, அக்குள், தொடை இடுக்கு, சில பிள்ளைகளுக்கு விரல் முட்டியிலும் வரும்.

கழுத்து கருத்த எல்லா பிள்ளைக்கும் இதுதான் என்று பயப்பட வேண்டாம். செயின் உரசினாலும், வெயிலாலும், அலர்ஜியாலும் கருக்கும். ஆனால் பிள்ளை குண்டாக இருந்து, கழுத்தும் அக்குளும் சேர்ந்து கருத்திருந்தால், நாரை ஓரமாக வைத்து விட்டு டாக்டரை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

லாரி வருது... இறக்க ஆள் இல்லை!

இன்சுலின் என்றதும் சர்க்கரை வியாதிக்காரர்கள் போடும் ஊசிதான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில் அது நம் எல்லோருக்குள்ளும் தினமும் சுரக்கிறது. வயிற்றுக்கு பின்னால் இருக்கும் கணையம்தான் அதை தயாரிக்கிறது. கனடா நாட்டின் டொரண்டோ நகரில் 1921-ல் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இதை பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடம் ஜனவரியிலேயே சாகக் கிடந்த 14 வயது பையனுக்கு போட்டு காப்பாற்றினார்கள். அவனுக்கு இன்சுலின் இல்லாமல் போனது பிரச்சினை. இப்போது குண்டு பிள்ளைகளுக்கு வந்திருப்பதோ தலைகீழ் பிரச்சினை. இன்சுலின் ஏகத்துக்கும் இருக்கிறது, வேலைதான் நடப்பதில்லை.

மார்க்கெட் குடோனை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி, லாரியில் ஏறி ரத்தம் என்ற ரோட்டில் வருகிறது. தசை, ஈரல், கொழுப்பு எல்லாம் குடோன்கள். இன்சுலின்தான் மேஸ்திரி. "ஏய், இறக்குங்கப்பா" என்று அவர் குரல் கொடுத்தால்தான் சரக்கு உள்ளே போகும். குடோன் ஏற்கனவே நிரம்பி வழிந்தால்? உள்ளே இருப்பவர்கள் காதில் வாங்க மாட்டார்கள். லாரிகள் ரோட்டில் நிற்கும். உடனே கணையம் இன்னொரு மேஸ்திரியை அனுப்பும். அப்புறம் நாலு பேர், எட்டு பேர். எல்லோரும் சேர்ந்து கத்தி ஒருவழியாக சரக்கை இறக்கி விடுவார்கள்.

இந்த கட்டத்தில் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் நார்மல் என்றுதான் வரும். 'சுகர் இல்லையாம்' என்று வீட்டில் நிம்மதியாகி விடுவார்கள். ஆனால் உள்ளே கணையம் ஓவர்டைம் பார்த்துக் கொண்டிருக்கிறது. டாக்டர்கள் இதை 'இன்சுலின் எதிர்ப்பு நிலை' என்கிறார்கள்.

வேலை இல்லாமல் கூட்டமாக நிற்கும் மேஸ்திரிகள் சும்மா இருப்பார்களா? தோலுக்கு போய் செல்களை வளரச் சொல்கிறார்கள். அதுதான் கழுத்து கருப்பு. ஈரலுக்கு போய் கொழுப்பை தயாரிக்க வைக்கிறார்கள். அதுதான் 'பேட்டி லிவர்'. சாராயமே தொடாத 12 வயது பிள்ளைக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வருவது இப்படித்தான். சிறுநீரகத்தில் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்து பி.பி.யை ஏற்றவும் செய்கிறார்கள்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருக்கும் வரை, சேர்த்து வைத்த கொழுப்பை உடம்பு எளிதில் வெளியே எடுக்காது. குடோனில் மூட்டை மூட்டையாக சரக்கு இருந்தும் பிள்ளைக்கு பசி எடுப்பது அதனாலும்தான். அதை 'திங்கிற ஆசை' என்று திட்டுவது நியாயமே இல்லை.

வயசுக்கு வரும் நேரம்தான் கண்டம்!

10 வயதிலிருந்து 14 வயதுக்குள் இது தலைகாட்டுவதற்கு காரணம் உண்டு. வயசுக்கு வரும் காலத்தில் வளர்ச்சி ஹார்மோன் பொங்கி சுரக்கும். அது இன்சுலின் பேச்சை கொஞ்சம் கேட்க விடாது. ஒல்லியான பிள்ளைக்கும் இது நடக்கும், தானாக சரியாகி விடும். ஏற்கனவே குண்டாக இருக்கும் பிள்ளைக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

ஒரு கட்டத்தில் கணையம் களைத்துப் போகிறது. மேஸ்திரி வரத்து குறைகிறது. லாரிகள் ரோட்டிலேயே தேங்கி நிற்கின்றன. அன்றைக்குத்தான் 'சுகர்' என்ற பெயர் வருகிறது. அப்பா, தாத்தாவுக்கு 50 வயதில் வந்தது பேரனுக்கு 14-ல் வருகிறது.

சின்ன வயதுதானே, தாங்கிக் கொள்வான் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய 'டுடே' என்ற ஆய்வில், 2-ம் வகை சர்க்கரை வந்த 10 முதல் 17 வயது பிள்ளைகள் 699 பேரை தொடர்ந்து கவனித்தார்கள். 2021-ல் வந்த முடிவு பகீர் ரகம். சராசரியாக 26 வயதை தொடுவதற்குள் 100-ல் 60 பேருக்கு சிறுநீரகம், கண், நரம்பு என ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்டிருந்தது. கல்யாண வயதில் டயாலிசிஸ் பற்றி பேச வேண்டியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது.

கொழுப்பு வாய் திறந்து பேசுமா?

பேசும் என்று 1994-ல் தெரிந்தது. நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மேன் என்பவரின் குழு, கொழுப்பு செல்கள் ஒரு ஹார்மோனை சுரப்பதை கண்டுபிடித்தது. அதன் பெயர் லெப்டின். 'கையிருப்பு போதும், சாப்பிட்டது போதும்' என்று மூளைக்கு தகவல் சொல்வதுதான் அதன் வேலை. அதுவரை கொழுப்பு என்றால் உடம்பில் தொங்கும் சும்மா சதை என்றுதான் நினைத்தார்கள்.

1997-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்து இன்னொரு செய்தி வந்தது. பாகிஸ்தான் வம்சாவளி குடும்பத்தை சேர்ந்த, ஒன்றுவிட்ட உறவான 2 குழந்தைகள். 8 வயது சிறுமியின் எடை 86 கிலோ! 2 வயது பையன் 29 கிலோ! எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்கவில்லை. பரிசோதித்தால் இருவர் ரத்தத்திலும் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிறவியிலேயே மரபணுவில் கோளாறு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் இப்படி மறைந்திருக்கும் கோளாறு வெளியே வரும் வாய்ப்பு அதிகம். அந்த சிறுமிக்கு தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். 1 வருடத்தில் 16 கிலோ குறைந்தது. அதை விட பெரிய விஷயம், அவள் மற்ற பிள்ளைகளைப் போல போதும் என்று எழுந்திருக்க ஆரம்பித்தாள்.

'அப்போ அந்த ஊசியை எல்லாருக்கும் போட்டுட வேண்டியதுதானே' என்று மருந்து கம்பெனிகளும் குதித்தன. எடுபடவில்லை. காரணம், மற்ற குண்டு பிள்ளைகளுக்கு லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. கொழுப்பு கத்தி கத்தி சொல்கிறது, மூளைதான் காது கொடுக்க மறுக்கிறது. இன்சுலின் கதையேதான் இங்கும்.

'தைராய்டா இருக்குமோ?'

குண்டு பிள்ளையை கூட்டி வரும் பெற்றோரில் நிறைய பேர் கேட்கும் முதல் கேள்வி இது. டாக்டர்கள் இதற்கு ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் உயரத்தை பார்ப்பார்கள். சாப்பாட்டாலும் அசைவு இல்லாமலும் குண்டான பிள்ளை, பெரும்பாலும் வகுப்பில் மற்ற பிள்ளைகளை விட உயரமாகத்தான் இருக்கும். தைராய்டு குறைவு, கார்டிசால் ஹார்மோன் கோளாறு போன்றவை இருந்தால் எடை ஏறும், உயரம் மட்டும் நின்று போகும். போன வருடம் தைத்த யூனிபார்ம் நீளத்தில் அப்படியே சரியாக இருக்கிறது, அகலத்தில் மட்டும் பத்தவில்லை என்றால் உஷாராக வேண்டும். சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, படிப்பில் மந்தம் என்பதெல்லாம் கூட சேர்ந்தால் தைராய்டு டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. குண்டு பிள்ளைகள் பலருக்கு டி.எஸ்.எச். லேசாக கூடியே இருக்கும். அது எடை கூடியதால் வந்தது. எடை குறைந்தால் அதுவும் இறங்கி விடும். ரிப்போர்ட்டை பார்த்து விட்டு தாங்களாகவே தைராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அது ஆபத்தான வேலை.

அதே மாதிரி மெடிக்கல் ஷாப்பில் 'பசி எடுக்க' என்று கேட்டு வாங்கும் டானிக். சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்துதான் பல பசி டானிக்குகளில் இருக்கிறது. தூக்கமும் பசியும் இரண்டும் வரும். ஒல்லிப் பிள்ளை கொழு கொழுவென்று ஆக வேண்டும் என்று பெயர் தெரியாத பொடியும் மாத்திரையும் வாங்கிக் கொடுப்பது இன்னும் மோசம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் நிலா போல உப்பும், வயிறு பெருக்கும், வளர்த்தி நிற்கும். பார்க்கிறவர்கள் 'புள்ள தேறிட்டான்' என்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்ட பிள்ளைக்கு திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லி படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். வீசிங் பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை இந்த பயத்தில் நிறுத்தி விடக் கூடாது. அதில் போகும் அளவு மிகவும் குறைவு.

ஒல்லியா இருந்தும் கொழுப்பா?

நம் ஊர்க்காரர்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்பவர் பல வருடமாக இதை ஆராய்ந்து வருகிறார். நம் நாட்டில் பிறக்கும் குழந்தை வெள்ளைக்கார குழந்தையை விட எடை குறைவு. ஆனால் அந்த குறைந்த எடையிலும் தசை குறைவாகவும், கொழுப்பு கிட்டத்தட்ட குறையாமலும் இருக்கிறது என்று அவரது குழு கண்டறிந்தது.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் ஒரு சுவாரஸ்யமான போட்டோ போட்டார். அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கு எடை கணக்கு ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம்! தராசு காட்டாததை உடம்பு மறைத்து வைத்திருக்கிறது.

அதனால் எடை மெஷினை மட்டும் நம்பாமல் டெய்லர் டேப்பை எடுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். தொப்புளை ஒட்டி வயிற்று சுற்றளவை அளந்து பாருங்கள். அது பிள்ளையின் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 140 சென்டிமீட்டர் உயரம் என்றால் வயிறு 70-ஐ தாண்டக் கூடாது. செலவே இல்லாத டெஸ்ட்.

வெளியே சொல்ல கூச்சப்படும் விஷயங்கள்

பெண் பிள்ளைகளுக்கு கூடுதல் இன்சுலின் சினைப்பையை தூண்டி, ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப் போவது, மேல் உதட்டிலும் தாடையிலும் முடி, முகம் நிறைய பரு என்று அது வெளியே தெரியும். பி.சி.ஓ.எஸ். என்று இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படுவது இதுதான். வயசுக்கு வந்த முதல் 2 வருடத்தில் மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம், அதை நோய் என்று பயப்பட வேண்டாம். கொழுப்பு அதிகமான பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயசுக்கு வந்து விடுவதும் உண்டு. 3-ம் வகுப்பு, 4-ம் வகுப்பு படிக்கும் குழந்தை அதை எப்படி சமாளிக்கும் என்று பெற்ற தாய்க்குத்தான் தெரியும்.

பையன்கள் பாடு வேறு. கொழுப்பில் இருக்கும் ஒரு என்சைம் ஆண் ஹார்மோனை பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. மார்பு லேசாக புடைக்கும். வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். அடிவயிற்று கொழுப்பில் ஆணுறுப்பு புதைந்து சிறியதாக தெரியும். பெரும்பாலும் அளவு சரியாகவே இருக்கும், கொழுப்புதான் மறைக்கிறது. இதற்காக போலி டாக்டரிடம் பணத்தை கொட்ட வேண்டாம். பையன் பி.டி. பீரியடில் சட்டையை கழற்ற மாட்டேன் என்கிறான், விளையாட போக மாட்டேன் என்கிறான் என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டாமல் என்ன காரணம் என்று கேளுங்கள். 'குண்டா', 'பூசணி' என்று கூப்பிட்டுத்தான் பாதி பிள்ளைகள் மைதானத்தை விட்டே ஓடுகின்றன. அந்த பெயரை முதலில் வைப்பது பெரும்பாலும் வீட்டு ஆட்களே.

20 ரூபாயில் ஆரம்பிக்கும் கதை

1990-ல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் இருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் அது 1 கோடியே 25 லட்சம். 2024-ல் லான்செட்டில் வந்த உலகளாவிய கணக்கு இது. ஹார்மோன் சுரப்பிகள் 30 வருடத்தில் மாறி விடவில்லை. மாறியது தட்டும் தெருவும்தான்.

அப்பா, அம்மா இருவரும் காலை ஷிப்டுக்கு கிளம்பும் வீட்டில் பிள்ளை கையில் 20 ரூபாய் வைக்கப்படுகிறது. அதில் பப்ஸ் வரும், சிப்ஸ் பாக்கெட் வரும், கூல்டிரிங்ஸ் வரும். அவித்த முட்டையும், 2 வாழைப்பழமும் கூட அதே காசுக்குள் கிடைக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் எந்த பள்ளிக்கூட வாசலில் அதை விற்கிறார்கள்? பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டு விட்டது. விதி பேப்பரில் இருக்கிறது, பாக்கெட் கம்பியில் சரம் சரமாக தொங்குகிறது.

சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டில் ஒன்றிலேயே 25 கிராம் போய் விடும். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு வெளியில் இருந்து சேர்க்கும் சர்க்கரை மொத்தமே அந்த 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் கணக்கு. பாலில் கலக்கும் பவுடரும் சேர்த்துத்தான். அதை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் போட்டு விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகமே சொல்லி விட்டது. நம் பாட்டிகளுக்குத்தான் இன்னும் செய்தி போய் சேரவில்லை.

தூக்கமும் கணக்கில் வரும். பள்ளிப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது வேண்டும். ராத்திரி 12 மணி வரை செல்போன் பார்த்தால் பசியை தூண்டும் 'கிரெலின்' ஏறும், லெப்டின் இறங்கும், வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் ஆழ்ந்த தூக்கமும் போகும்.

பட்டினி போடாதீங்க!

வளரும் பிள்ளையை பட்டினி போட்டு எடை குறைக்கவே கூடாது. பல பிள்ளைகளுக்கு எடையை இப்போது இருக்கும் இடத்திலேயே நிறுத்தி வைத்தால் போதும். உயரம் ஏற ஏற உடம்பு தானாக வடிந்து விடும். சோற்றின் அளவை கொஞ்சம் குறைத்து சுண்டல், முட்டை, கீரை, பொரியலை கூட்டுவது, கூல்டிரிங்சை வீட்டுக்குள்ளேயே விடாமல் இருப்பது, தினமும் 1 மணி நேரம் வியர்க்க வியர்க்க ஆட விடுவது. இவ்வளவுதான் முதல் வைத்தியம். தசை வேலை செய்யும்போது இன்சுலின் கத்தாமலேயே சர்க்கரையை இழுத்துக் கொள்ளும் என்பதால், எடை குறையும் முன்பே உள்ளே மாற்றம் ஆரம்பித்து விடும். இதை பிள்ளைக்கு மட்டும் தனியாக செய்தால் எடுபடாது. அப்பா தட்டில் பரோட்டா, மகன் தட்டில் வெள்ளரிக்காய் என்றால் எந்த பிள்ளை கேட்கும்?

விளம்பரத்தில் வரும் ஒல்லி பவுடர் பக்கம் போக வேண்டாம். இப்போது பரபரப்பாக பேசப்படும் செமாகுளுடைடு ஊசி, குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனை போலவே வேலை செய்வது. 12 வயதுக்கு மேற்பட்ட பருமன் பிள்ளைகளுக்கு 2022 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் அது ஹார்மோன் டாக்டர் பார்த்து, முடிவு செய்து, கண்காணித்து போட வேண்டிய மருந்து. தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிப் போடும் சமாச்சாரம் அல்ல.

டெஸ்ட் என்றதும் ஆயிரக்கணக்கில் 'பேக்கேஜ்' எடுக்க வேண்டியதும் இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குள் இருக்க வேண்டும், 126-ஐ தொட்டால் சர்க்கரை வியாதி. 3 மாத சராசரி சர்க்கரை 5.7-க்குள் இருக்க வேண்டும், 6.5 என்றால் வியாதி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் திருத்திக் கொள்ள கிடைத்த நேரம். இவற்றோடு பி.பி., கொலஸ்ட்ரால், ஈரல் டெஸ்ட். இன்சுலின் அளவை தனியாக பார்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை. இந்த டெஸ்ட்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுக்கே போகலாம். வரும்போது பிள்ளையை வெறும் வயிற்றில் காலையிலேயே கூட்டி வருவது நல்லது. கடைசியாக என்னென்ன டானிக், மாத்திரை கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். பாட்டிலையும் அட்டையையும் மறக்காமல் பையில் எடுத்து வாருங்கள்.